வெளிநாட்டு இன்டர்நேஷனல் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி: டெல்டாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து பி.எட். கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு நெருங்கும்போது யாராவது ஒருவர் இதைக் கேட்பார்: சிங்கப்பூரில் சித்தப்பா இருக்கிறார், அங்கே ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் இன்டர்ன்ஷிப் செய்தால் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா? அப்படி எண்ணிக்கொண்டு விமானச்சீட்டு போட்டுவிடாதீர்கள். இரண்டாண்டு பி.எட்.டில் பள்ளிப் பயிற்சிக்கு மொத்தம் 20 வாரம். முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இந்த 16 வாரத்துக்கான பள்ளியைக் கல்லூரியும் மாவட்டக் கல்வி அலுவலகமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம், தலைமையாசிரியர் கையெழுத்து, வருகைப் பதிவு, ரெக்கார்டு நோட்டு என்று எல்லாம் ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி விட்டாலும் செய்முறைத் தேர்வில் வந்து நிற்கும். வெளிநாட்டுப் பள்ளியை இதற்கு ஈடாக வைக்க வேண்டுமென்றால் கல்லூரியும் பல்கலைக்கழகமும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முதல்வர் அறையில் வாய்வார்த்தையாகச் சொன்ன "பார்த்துக்கலாம்மா" அனுமதி ஆகாது.

அதனால் நம் பக்கத்து மாணவருக்கு நடைமுறையில் உள்ள வழி, 16 வாரத்தை ஊரிலேயே ஒழுங்காக முடித்து, இறுதித் தேர்வும் எழுதிய பிறகு, தனியாக ஒரு பருவம் வெளிநாட்டில் பயிற்சி ஆசிரியராகவோ உதவி ஆசிரியராகவோ போவது. அந்தச் சான்றிதழ் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கோ, டி.ஆர்.பி. என்ற ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கோ ஈடாகாது. அரசுப் பள்ளி வேலைதான் இலக்கு என்றால் இந்தப் பயணம் வேண்டாம். அந்த மாதங்களில் டெட்டுக்குப் படியுங்கள். தனியார் இன்டர்நேஷனல் பள்ளி, வளைகுடா, தென்கிழக்கு ஆசியா என்று யோசிப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு சொல்வது.

முதலில் எந்தப் பள்ளி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகையில் இன்டர்நேஷனல் என்று எழுதியிருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. கும்பகோணம் புறவழிச்சாலையிலும் அப்படிப்பட்ட பலகைகள் உண்டு. கேட்க வேண்டியது பாடத்திட்டம் எது என்பதை. வளைகுடா நாடுகளில் இந்தியப் பிள்ளைகளுக்காக நடக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஒரு வகை. அங்கே நம் பயிற்சி ஏறக்குறைய அப்படியே செல்லும். ஆண்டும் ஏப்ரலில்தான் தொடங்கும். இரண்டாவது வகை கேம்பிரிட்ஜ். ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு 1988-இலிருந்து நடக்கிறது. பழைய வினாத்தாள், விடைத்திருத்தக் குறிப்பு, வினாவில் வரும் ஏவல் சொல்லுக்கு ஏற்ற விடை என்று தேர்வைச் சுற்றியே வகுப்பு சுழலும். விவரி என்றால் எவ்வளவு எழுத வேண்டும், காரணம் கூறு என்றால் எதை எழுத வேண்டும் என்பதற்கெல்லாம் வரையறை இருக்கிறது. நம் ஊர் ஆசிரியருக்கு இது சீக்கிரம் பிடிபடும். மூன்றாவது வகை ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1968-இல் தொடங்கிய ஐ.பி., அதாவது இன்டர்நேஷனல் பேக்கலோரியட். இதில் 3 முதல் 12 வயது வரை பி.ஒய்.பி. என்ற தொடக்கநிலைத் திட்டம், 11 முதல் 16 வரை எம்.ஒய்.பி. என்ற நடுநிலைத் திட்டம், அதற்கு மேல் இரண்டாண்டு டிப்ளமா. நம் பயிற்சி அதிகம் தடுமாறுவதும், அதிகம் கற்றுக்கொள்வதும் இந்த மூன்றாவது வகைப் பள்ளியில்தான்.

ஐ.பி. என்றால் என்ன என்று பார்க்க உடனே கடல் தாண்ட வேண்டியதில்லை. கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1901-இல் தொடங்கியது. இந்தியாவில் முதன்முதலில் ஐ.பி. வந்ததும் அங்கேதான், 1976-இல். சென்னையிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் பல உண்டு. ஒரு வாரம் வகுப்புகளைப் பார்வையிட அனுமதி கேட்டு நேரடியாக எழுதுங்கள். பத்துக்கு எழுதினால் ஒன்றிலிருந்து பதில் வரலாம். அந்த ஒரு வாரமே விண்ணப்பத்தில் எழுத ஒரு பத்தி தரும். வெளிநாட்டுப் பள்ளியின் நேர்காணலில் முதலில் கேட்பதும் அதைத்தான்: இப்படி ஒரு வகுப்பை இதற்குமுன் பார்த்திருக்கிறீர்களா?

அடுத்தது விசா. சுற்றுலா விசாவில் போய் வகுப்பில் நிற்கக் கூடாது. சம்பளம் வாங்கவில்லை என்பது ஒரு வாதமே இல்லை. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைவதும் கடினமாகும். சித்தப்பா இருக்கிறார் என்பதால் நம் ஆட்கள் எல்லாரும் நினைப்பது சிங்கப்பூரை. அங்கே பயிற்சிக்கென்று தனி அனுமதி உண்டு. அதிகபட்சம் 3 மாதம், நீட்டிப்புக் கிடையாது. விண்ணப்பிக்க வேண்டியதும் நீங்கள் அல்ல, உங்களை ஏற்கும் நிறுவனம். மாணவராகப் போகிறவருக்கு, படிக்கும் கல்வி நிறுவனம் எது, மாத ஊதியம் எவ்வளவு என்பதைப் பொறுத்து நிபந்தனைகள் உண்டு. சம்பளமில்லாப் பயிற்சிக்கு வருகிறேன் என்பவருக்கு இந்த வாசல் பெரும்பாலும் சாத்தியே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை பக்கத்தில் இருக்கிறது. 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் விட்டார்கள். ஆனால் இன்டர்நேஷனல் பள்ளிகள் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றித்தான். திருச்சியிலிருந்து நேராகக் கொழும்புக்குப் பறப்பதே நேரம் மிச்சம். அங்குள்ள இன்டர்நேஷனல் பள்ளிகள் நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், கல்வி அமைச்சின் பள்ளிகள் அல்ல. ஆகவே பள்ளிக்குப் பள்ளி தரம் மிக மாறும். சேரும் முன் கேம்பிரிட்ஜோ, எடெக்செல் என்ற இன்னொரு பிரிட்டிஷ் தேர்வு அமைப்போ அந்தப் பள்ளியைத் தேர்வு மையமாகப் பதிந்திருக்கிறதா என்று அந்தத் தேர்வு அமைப்பின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் வெளிநாட்டு ஏஜெண்டுக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் வேலை, பயிற்சி என்று சொல்லிப் பணம் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பதிவு பெற்ற முகவரா என்பதை. பதிவு பெற்றவரும் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: ரூ.30,000, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடலாம். தமிழக அரசே 1978-இலிருந்து நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. ஒழுங்கான இன்டர்நேஷனல் பள்ளி ஏஜெண்டு வழியாகப் பயிற்சியாளர் எடுப்பது மிகக் குறைவு என்பதையும் மனதில் வையுங்கள். பள்ளித் தளத்திலேயே ஆள் தேவை என்று போடுவார்கள், நேர்காணல் வீடியோவில் நடக்கும், கடிதம் பள்ளியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும்.

தாள்வேலையை நான்கைந்து மாதம் முன்பே தொடங்குங்கள். கடவுச்சீட்டில் குறைந்தது ஓராண்டாவது மீதம் இருக்கட்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்று, அதாவது பி.சி.சி., கட்டாயம் கேட்பார்கள். பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட் சேவா தளத்தில் ரூ.500 கட்டி, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள சேவா கேந்திரத்தில் நேரம் எடுக்கலாம். சிக்கல் வருவது முகவரியில். கடவுச்சீட்டில் சொந்த ஊர், ஆதாரில் கல்லூரி விடுதி என்று இருந்தால் காவல்நிலைய விசாரணை இரண்டு இடத்துக்கும் அலையும். முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டுப் போங்கள். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது அதற்கான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் சான்று. இந்தியா அந்த உடன்படிக்கையில் 2005-இலிருந்து இருக்கிறது, சிங்கப்பூர் 2021-இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையில் இல்லாத நாட்டுக்குப் போவதென்றால் அந்நாட்டுத் தூதரகச் சான்றொப்பமும் சேர்ந்து வேண்டும். செலவும் நாளும் அங்கேதான் கூடும். பெயரின் தலைப்பெழுத்து இன்னொரு தொல்லை. சான்றிதழில் எஸ். கவிதா, கடவுச்சீட்டில் கவிதா செல்வராசு என்றிருந்தால் இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? பெரும்பாலான ஐ.பி., கேம்பிரிட்ஜ் பள்ளிகள் ஆகஸ்டு கடைசியில் தொடங்கி ஜூனில் முடியும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையோ ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரையோதான் நல்ல காலம். மே மாதம் டிப்ளமா தேர்வும் ஐ.ஜி.சி.எஸ்.இ.யும் நடக்கும், பெரிய வகுப்புகள் காலியாகக் கிடக்கும், வழிகாட்டி ஆசிரியருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. டிசம்பரில் பாதி மாதம் நிகழ்ச்சியும் விடுமுறையும். அமீரகத்தில் ஷார்ஜா தவிர மற்ற இடங்களில் 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள்.

இனி வகுப்பறை. போகிறவர்கள் எல்லாரும் பயப்படுவது ஆங்கில உச்சரிப்புக்கு. அது வீண் பயம். அந்த ஆசிரியர் அறையில் ஸ்காட்லாந்து, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா என்று பத்து விதமான ஆங்கிலம் இருக்கும், பதினொன்றாவதாக உங்களுடையது. உண்மையில் சறுக்கும் இடம் பாடத்தைத் திட்டமிடும் திசை. நம் பாடக்குறிப்பு பாடத்திலிருந்து தொடங்கும். தலைப்பு, நோக்கங்கள், ஆர்வமூட்டல், விளக்கம், கருத்துப்படம், தொகுத்தல், மதிப்பீட்டு வினா மூன்று, வீட்டுப்பாடம். மதிப்பீடு கடைசி ஐந்து நிமிடம். மணி அடித்துவிட்டால் அதுவும் இல்லை. அங்கே முதலில் எழுதுவது மதிப்பீட்டை. எதைச் செய்துகாட்டினால் இந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதை எழுதிவிட்டுத்தான், அந்த இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோக எத்தனை வகுப்பு, என்ன செயல், யாருக்கு என்ன உதவி என்று பின்னோக்கி வருவார்கள். ரெக்கார்டு நோட்டில் வண்ணப்பேனாவில் கோடு போட்டு எழுதிப் பழகிய கைக்கு இது முதல் மூன்று வாரம் தலைகீழாகத் தெரியும்.

எடுத்துக்காட்டு இல்லாமல் இது பிடிபடாது. பி.ஒய்.பி.யில் ஆண்டுக்கு ஆறு அலகு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு வாரம். ஆறும் ஆறு பெருந்தலைப்பின் கீழ் வரும். அவற்றில் ஒன்று பூமியைப் பகிர்ந்துகொள்வது பற்றியது. டெல்டாவிலிருந்து போகிறவர் கையில் இதற்கான சரக்கு நிறையவே இருக்கிறது: தலைமடை, கடைமடை, மதகு, முறைவைத்துத் தண்ணீர் விடுவது, ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று பார்த்துக்கொண்டு குறுவைக்கு விதை வாங்குவது. இதையே ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு அலகாக்கலாம். மையக்கருத்து: ஒரே வளத்தைப் பலர் பகிரும்போது விதிகள் உருவாகின்றன. மூன்று தேடல் வழிகள்: தண்ணீர் எப்படிப் பிரிகிறது, யாருக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள், வளம் குறையும்போது விதி எப்படி மாறுகிறது.

மதிப்பீட்டை முதலில் எழுதுங்கள். காவிரியைப் பற்றி ஒரு சார்ட் ஒட்டு என்பது மதிப்பீடு ஆகாது. பிள்ளை இணையத்திலிருந்து படம் எடுத்து ஒட்டிவிடும். அலகின் கடைசி வாரம் பிள்ளை செய்யவேண்டியது இப்படி இருக்கலாம்: பள்ளியில் எல்லா வகுப்பும் பகிரும் ஒரு பொருளை, விளையாட்டுத் திடலையோ நூலகக் கணினியையோ எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு பகிர்வு விதி எழுது, அந்த விதியால் யாருக்கு இழப்பு என்று சொல், பொருள் பாதியாகக் குறைந்தால் விதி எப்படி மாறும் என்று காட்டு. நீங்கள் காவிரியைப் பற்றிச் சொன்னதை ஒப்பிக்கும் பிள்ளையால் இதைச் செய்ய முடியாது. தலைமடை, கடைமடை என்ற சிக்கல் புரிந்த பிள்ளையால் முடியும்.

நடுவில் வரும் செயல்பாடு ஒன்று. ஐந்து பிள்ளைக்கு ஒரு தட்டு. 20 பேர் வகுப்புக்கு நான்கு தட்டு. சுமார் 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஆழம் குறைந்த பிளாஸ்டிக் தட்டு. அதில் 4 செ.மீ. உயரத்துக்கு மணல். நீளவாக்கில் நடுவே ஒரு ஆறு தோண்டி, ஒரு பக்கமாக மூன்று வாய்க்கால் பிரித்து, ஒவ்வொரு வாய்க்கால் முடிவிலும் மணல் உயரத்துக்கு வெட்டிக் குட்டையாக்கிய ஒரு காகிதக் கோப்பையை விளிம்பு மணல்மட்டத்துக்கு வரும்படி புதைக்க வேண்டும். ஆற்றிலும் வாய்க்காலிலும் பாலித்தீன் துண்டை விரித்துவிடுங்கள். மதகுக்கு ஐஸ் குச்சி. தட்டின் தலைப்பக்கம் 2 செ.மீ. உயர்ந்தால் போதும். மூடியில் துளையிட்ட பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர். முதல் சுற்றில் விதி இல்லை, தண்ணீரை விட வேண்டியதுதான். முதல் கோப்பை நிரம்பி வழியும், கடைசிக் கோப்பையில் கொஞ்சம் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை மி.லி. என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றுக்கு முன் குழுவே விதி எழுதும். பெரும்பாலும் ஒவ்வொரு மதகும் 30 நொடி திறப்பது என்று முறைவைக்கு அவர்களே வந்து சேருவார்கள். மூன்றாம் சுற்றில் தண்ணீரை அரை லிட்டராக்குங்கள். அப்போதுதான் பேச்சு சூடாகும், நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டிய நேரமும் அதுதான்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். உலர்ந்த மணல் தண்ணீரைக் குடித்துவிடும். பாலித்தீன் போட்டாலும் ஓரங்களில் கசியும். அதனால் வகுப்புக்கு முன்பே மணலை நன்றாக நனைத்து வையுங்கள். சரிவு அதிகமானால் கரை அரித்துக் கோப்பைக்குள் மணல் சேரும், அளவு பொய்யாகும். நாற்பது நிமிட வகுப்பில் மூன்று சுற்று முடியாது. இரட்டை வகுப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு பெரிய மாதிரியை மேசையில் வைத்து நீங்களே செய்துகாட்டினால் அது நம் ஊர் செய்முறை விளக்கம் ஆகிவிடும். பார்வையிடும் வழிகாட்டி ஆசிரியர், பிள்ளைகள் எதைத் தேடினார்கள் என்று எழுதிவைப்பார். பதில் இருக்காது.

இந்த அலகில் இன்னொன்று. வகுப்பில் பெங்களூருப் பிள்ளை ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் காவிரி வழக்கைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது, 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு விட வேண்டிய தண்ணீரை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. இந்த எண்களைத் தாராளமாகத் தரலாம். ஆனால் கடைமடை விவசாயியின் மகன் அல்லது மகள் என்ற உங்கள் கோபத்தை அங்கே தரக்கூடாது. பெங்களூரின் குடிநீர்த் தேவையையும் அதே அளவு நேரம் ஒதுக்கிப் பேச முடிந்தால்தான் இந்த அலகை எடுங்கள். இல்லாவிட்டால் நூலகக் கணினியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரக்கு நம்முடையது என்பதால் பள்ளி உங்களை வேறு விதமாகவும் பயன்படுத்தப் பார்க்கும். பன்னாட்டு நாள் என்று ஒன்று வரும். பட்டுப்புடவை கட்டி வாசலில் கோலம் போடுங்கள், சமோசா கொண்டுவாருங்கள் என்பார்கள். ஒருநாள் செய்யலாம், தவறில்லை. பயிற்சி முழுவதும் அதுவாகவே போனால் வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லி முழு வகுப்பு கேளுங்கள். கோலத்தைக் கணக்கு வகுப்பில் சமச்சீருக்குப் பயன்படுத்தச் சொன்னால் அது வேறு. அதை மகிழ்ச்சியோடு செய்யலாம்.

வேலை ஏறும் வேகம் ஏறக்குறைய இப்படி அமையும். முதல் வாரம் பார்வை மட்டும். வகுப்பு முழுவதையும் பார்க்காதீர்கள். ஒரு பிள்ளையை மட்டும் ஒருநாள் முழுக்கப் பின்தொடர்ந்து எழுதுங்கள், நிறையத் தெரியவரும். இரண்டாம் வாரம் நாலைந்து பேர் குழு. மூன்று, நான்காம் வாரத்தில் வகுப்பின் தொடக்கப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு பாதி வகுப்பு, எட்டாம் வாரத்துக்குள் முழுப் பொறுப்பு. கடைசி வாரம் படிப்படியாகத் திருப்பிக் கொடுப்பது. நம் பி.எட்.டில் கேலிசெய்து கடந்துபோகும் மைக்ரோ டீச்சிங் இங்கே கைகொடுக்கும். ஆறு நிமிடம் கற்பித்து, ஆறு நிமிடம் கருத்துக் கேட்டு, பன்னிரண்டு நிமிடத்தில் திருத்தி, மறுபடி ஆறும் ஆறும் என்ற அந்த 36 நிமிடச் சுழலைத்தான் வழிகாட்டி ஆசிரியர் உங்களோடு வாரம்தோறும் நீட்டிச் செய்வார். அவர் மென்மையாகத்தான் சொல்வார். குழுவைச் சிறியதாக்கிப் பார்க்கலாமோ என்று கேட்டால் நாளையே சிறியதாக்கிவிடுங்கள்; யோசனைதானே என்று விட்டால் அடுத்த அறிக்கையில் அது குறையாக வந்துவிடும்.

வகுப்பில் பேசும் பழக்கத்தில் மாற்ற வேண்டியது இரண்டு. "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "எஸ் மிஸ்" என்ற கோரஸ் வந்ததும் அடுத்த பத்திக்குப் போவது நம் வழக்கம். அந்தக் கோரஸ் அங்கே வராது. வந்தாலும் யாரும் அதை ஆதாரமாக ஏற்கமாட்டார்கள். சின்ன வெள்ளைப்பலகையில் எல்லாரும் விடை எழுதித் தூக்கிக் காட்டுவது, வெளியே போகும்போது ஒரு துண்டுச்சீட்டில் ஒரே ஒரு விடை எழுதிக் கொடுப்பது போன்றவற்றைப் பழகுங்கள். மற்றது மௌனம். வினா கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடி ஆக்கினால் விடைகள் நீளுகின்றன, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே ஆராய்ந்து காட்டினார். கொரிய, ஜப்பானியப் பிள்ளைகள் வினாவைத் தம் மொழியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். அவர்களுக்கு மூன்று நொடியும் போதாது. கட்டளைகளை மூன்று படிக்கு மேல் வாயால் சொல்லாதீர்கள், பலகையில் எழுதிவிடுங்கள்.

எம்.ஒய்.பி. வகுப்பில் மதிப்பெண் போட நேர்ந்தால் நூற்றுக்குப் போடும் கையைக் கட்டிவைக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு அளவுகோல், ஒவ்வொன்றும் 8-க்கு. கடைசியில் 1 முதல் 7 வரை ஒரு நிலை. ஆண்டு முழுவதும் வந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பொருத்திப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முதல் பருவத்தில் 3 வாங்கிப் பிறகு 6-க்கு வந்த பிள்ளைக்குச் சராசரியாக 4.5 என்று போட்டால் வழிகாட்டி உங்களை உட்காரவைத்து விளக்குவார்.

பிள்ளைப் பாதுகாப்பு விதிகளில் மட்டும் கற்றுக்கொள்கிறேன் என்ற சலுகை கிடையாது. கன்னத்தைக் கிள்ளுவது, தலையில் குட்டுவது, மடியில் உட்காரவைப்பது எதுவும் ஆகாது, பாசத்திலும் ஆகாது. பிள்ளையோடு தனியாக அறையில் இருக்க நேர்ந்தால் கதவு திறந்திருக்கட்டும். பிள்ளைகளின் படம் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒருநாள் வந்தால் பயிற்சி அன்றோடு முடியலாம். குரூப் போட்டோ என்ற விலக்கும் இல்லை. ஒரு பிள்ளை வீட்டுப் பிரச்சினையை உங்களிடம் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே அன்றே எழுதி, அதற்கென்று பள்ளி நியமித்திருக்கும் அலுவலரிடம் கொடுங்கள். நீங்களே பெற்றோரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பண்ணக் கூடாது. ஊரிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாயைப் பிள்ளைகளுக்கு நீட்டுவதும் அப்படித்தான். நிலக்கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும். பல பள்ளிகளில் வளாகத்துக்குள்ளேயே கொட்டைப் பருப்புகளுக்கு அனுமதியில்லை. பிறந்தநாள் சாக்லேட்டு, கோயில் லட்டு எல்லாம் ஆசிரியர் அறையோடு நிற்கட்டும், அதுவும் கேட்டுவிட்டு.

தமிழ் எம்.ஏ. முடித்து பி.எட். செய்கிறவர்கள் இதெல்லாம் ஆங்கிலம், அறிவியல் ஆட்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஐ.பி. டிப்ளமாவில் அவர்களுக்கென்றே ஒரு வாசல் இருக்கிறது. தாய்மொழி ஆசிரியர் பள்ளியில் இல்லாவிட்டாலும், மாணவர் தன் மொழி இலக்கியத்தைப் பள்ளியின் ஆதரவோடு தானே படித்துத் தேர்வு எழுதலாம். மொத்தம் 9 படைப்புகள். அவற்றில் குறைந்தது 4 அந்த மொழியிலேயே எழுதப்பட்டவை, குறைந்தது 3 வேறு மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவை. துபாய், ஜகார்த்தா, கோலாலம்பூர் என்று தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஊர்களில் இதற்கு வழிகாட்ட ஆள் கிடைப்பதில்லை. முதலில் இணையவழியே இந்த வேலையைச் செய்யலாம், விசாவும் வேண்டாம். டிப்ளமா ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும்போது எந்த நாலு தமிழ்ப் படைப்பு, எந்த மூன்று மொழிபெயர்ப்பு, ஏன் என்று ஒரு பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். கவிதை, நாடகம், புனைகதை எல்லாம் ஒரே நூற்றாண்டுக்குள் அடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொழிப்புரை சொல்லி நடத்தும் பழக்கத்தை இங்கே விட வேண்டும். இந்த உவமை ஏன் இந்த இடத்தில், எடுத்துவிட்டால் என்ன இழப்பு என்று மாணவரே எழுதுவதுதான் தேர்வு. அச்சுப் புத்தகம் அங்கே கிடைக்காது. கிளம்பும் முன் எல்லாவற்றிலும் இரண்டு படி வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடியும் வாரத்தில் வாங்க வேண்டியவை: பள்ளியின் கடிதத்தாளில் எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, மொத்தம் எத்தனை மணி நேரம் தனியாகக் கற்பித்தீர்கள் என்ற கடிதம், பார்வையீட்டு அறிக்கைகளின் நகல், பிள்ளைகளின் பெயரும் முகமும் நீக்கிய அலகுத் திட்டக் கோப்பு. "சிறப்பாகப் பணியாற்றினார்" என்று மட்டும் எழுதிய பாராட்டுத்தாளுக்கு அடுத்த பள்ளியில் மதிப்பில்லை. பரிந்துரைக் கடிதத்தையும் அப்போதே வழிகாட்டியின் பள்ளி மின்னஞ்சலிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள், கூடவே அவருடைய சொந்த முகவரியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளிகளில் ஆசிரியர் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டாண்டுதான். ஊருக்கு வந்து ஆறுமாதம் கழித்து எழுதினால் அவர் வேறு நாட்டில் இருப்பார், பழைய முகவரிக்குப் போன கடிதம் திரும்பி வந்துவிடும்.